மெஹராஜ் அக்கா மேனேஜர் இல்லை

சென்ற மாதம் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் மெஹராஜ் அக்காவைப் பற்றி நான்கு வரி வந்திருந்தது. 'விமான சேவை மேலாளர் தொடுத்த வழக்கு' என்று தலைப்பு. படித்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த ஒரு வார்த்தையால்தான் இத்தனை பாடும். எழுதியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் தெரிந்தவன் எழுதுவதுதான் முறை என்று உட்கார்ந்துவிட்டேன். என் பெயர் கிருபாசங்கர், அவிநாசிக்காரன். அக்காவோடு ஒரே விமானக் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம், விவகாரம் இன்னும் முடியவில்லை.

மேலாளர் என்றால் என்ன நினைப்பீர்கள்? ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, வாசலில் காத்திருக்க நாலு பேர். மெஹராஜ் அக்காவுக்கு நாற்காலி என்று இருந்ததெல்லாம் விமானக் கதவை ஒட்டிய மடக்குப் பலகைதான். அதிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் உட்காரலாம். கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜா போகிற விமானத்தில் கதவருகே நின்று நூற்றெண்பது பேருக்கு வணக்கம் சொல்வார். பெட்டியைத் தூக்க முடியாதவர்களுக்குத் தூக்கி வைப்பார். சாப்பாட்டு டிராலியைத் தள்ளுவார், எச்சில் தட்டை எடுப்பார், வாந்தி எடுத்த பையைக் கட்டி அப்புறப்படுத்துவார், கழிவறையைத் துடைத்து வாசனைத் தெளிப்பான் அடிப்பார். முதல் தடவை விமானம் ஏறிய பெருந்துறைப் பெரியவர் ஒருவர் கழிவறைக்குள் மாட்டிக்கொண்டபோது வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டு, அவர் கூச்சப்படக் கூடாதே என்று சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். இவ்வளவும் போக, தீப்பிடித்தால் ஒன்றரை நிமிடத்தில் அத்தனை பேரையும் வெளியே தள்ளவும் அவருக்குத் தெரியும்.

அக்கா பிறந்தது கோட்டைமேட்டில். அவருடைய அத்தா கரீம் பாய் பெரிய கடைவீதியில் துணி வியாபாரம் செய்தவர். இருபத்திரண்டு வயதில் அக்கா இந்த வேலைக்குப் போனபோது தெருவில் பேசாத பேச்சில்லை. "எம் புள்ள ஆகாயத்துல கடை போடப் போகுது, உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்று கேட்டு கரீம் பாய் ஊர் வாயை அடைத்தாராம். விமான நிலையத்தின் ஊழியர் வாசல் வரைக்கும் அக்காவின் தலையில் முக்காடு இருக்கும். வாசலில் மடித்துக் கைப்பையில் வைப்பார். திரும்பி வந்ததும் அதே இடத்தில் நின்று போட்டுக்கொள்வார். பத்தொன்பது வருடம் இப்படித்தான். புதிதாக வந்த யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "முக்காடு, யூனிபாரம் ரெண்டும் என்னோட துணிதானுங்க" என்பதோடு பேச்சு முடிந்தது.

கணவர் அமீர் ஹம்சா உக்கடத்தில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மகள் யுஸ்ரா பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுவது வாரத்தில் இரண்டு நாள் நடந்தால் அதிகம். அந்த வேலையை அக்கா நேசித்தார். நான் அப்படி நேசித்தேனா என்றால் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அந்தச் சட்டையும் டையும் பிடித்திருந்தன.

இனி நாங்கள் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்களில் மூத்தவர்கள் ஆறு பேர் சேர்ந்து சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டோம். கம்பெனி சம்பளத்தை விட்டுவிட்டுப் பதவியை உயர்த்தியது. அதுவரை 'மூத்த விமானப் பணியாளர்' என்று இருந்த எங்களுக்கு 'விமான சேவை மேலாளர்' என்று ஒரு பதவி ஆணையும் புது அட்டையும் அடித்துக் கொடுத்தார்கள். வேறு ஊராக இருந்தால் அட்டையை நாக்கு வழிக்கவா என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் காந்திபுரத்தில் பிரியாணி சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி தோட்டம் எத்தனை ஏக்கர், அடுத்த கேள்வி மாப்பிள்ளை என்ன வேலை. பிளைட்டில் டீ கொடுக்கிறான் என்று யாராவது சொல்லிவிட்டால் அத்தோடு காபித் தம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். எனக்கு மூன்று சம்பந்தம் அப்படித்தான் தட்டிப்போனது. அட்டை வந்த அடுத்த வருடமே கோபிசெட்டிபாளையத்தில் நெல்லும் வாழையுமாக ஒன்பது ஏக்கர் வைத்திருக்கும் அப்புசாமி தன் மகள் லோகப்பிரியாவை எனக்குக் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் 'விமான சேவை மேலாளர்'. மாமனார் ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அன்றைக்கே அக்கா ஒன்று சொன்னார். "பேரு மாறுச்சுங்க. வேல ஏதாச்சும் மாறுச்சுங்களா?" யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவரும் அந்த அட்டையை வாங்கிக்கொண்டவர்தான். யுஸ்ராவின் பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் மேலாளர் என்று எழுதத் தனக்கும் ஆசையாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டார்.

இந்த ஜனவரியில் அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலுக்கு கோயம்புத்தூர் பிரிவில் இருந்த எங்கள் இருபத்தாறு பேரையும் வரச் சொன்னார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து கோட்டு போட்ட இருவர் வந்திருந்தார்கள். நல்ல சாப்பாடு போட்டார்கள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானங்களுக்கு இனி கம்பெனி நேரடியாக ஆள் வைக்காது. வேறொரு நாட்டில் பதிவு செய்த ஆள் சப்ளை கம்பெனி ஒன்றுதான் ஆட்களைத் தரும். அந்த நாட்டுப் பெண்களும் பையன்களும் குறைந்த சம்பளத்துக்கு வருகிறார்கள். கோயம்புத்தூர் பிரிவு மார்ச் 31-ஆம் தேதியோடு மூடப்படும். எங்களுக்கும் ஒரு வழி உண்டாம். சொந்த விருப்பத்தில் ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால், அந்த வெளிநாட்டுக் கம்பெனியில் இரண்டு வருட ஒப்பந்தம். அந்த ஊரில் போய்த் தங்க வேண்டும். விமானக் கதவு மூடிய பிறகுதான் சம்பள நேரம் தொடங்கும். இரண்டு வருடம் கழித்து என்ன என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள்.

முதலில் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டவன் சசிதர். பொள்ளாச்சிக்காரன், என்னைவிட இளையவன், என்னைப் போலவே அட்டை மேலாளன். அடுத்தது நான். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தது, பயந்துவிட்டேன். அவ்வளவுதான் காரணம்.

மெஹராஜ் அக்கா தாள்களை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். படித்துவிட்டுக் கோட்டுக்காரர்களிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, பிரிவ மூடறது நீங்க. அனுப்பறது நீங்க. சொந்த விருப்பத்துல போறோம்னு நாங்க எதுக்குங்க எழுதோணும்?"

அது வழக்கமான வாசகம்தான் என்றார்கள்.

"அப்படீங்களா. எனக்கு அந்த விருப்பம் இல்லீங்க."

தாள்களை அடுக்கி, ஓரம் சரிசெய்து, மேஜையில் வைத்துவிட்டு வந்தார். குரலில் சூடு இல்லை. பயணிகளிடம் சீட் பெல்ட் போடச் சொல்லும் அதே குரல். இருபத்தாறு பேரில் கையெழுத்துப் போடாதவர் அவர் ஒருவர்தான்.

மறுநாளிலிருந்து பறக்கும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அக்கா உடனே தன் தெருவிலேயே இருந்த வக்கீல் சபுராவிடம் போனார். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். கம்பெனியிடமிருந்து வந்த பதில் ஒரே பக்கம். தொழிலாளியைக் காக்கும் சட்டம் தொழிலாளிக்குத்தான், மனுதாரர் மேலாளர், அவர் ஒப்புக்கொண்டு வாங்கிய பதவி ஆணை இணைக்கப்பட்டுள்ளது, ஆகவே மனு செல்லாது. நாங்கள் பிரியாணி தின்று கொண்டாடிய அந்த அட்டையை எங்கள் கழுத்துக்கே சுருக்காக மாட்டியிருந்தார்கள்.

சபுரா வக்கீல் தெளிவாகச் சொன்னாராம். அட்டையில் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை, கையால் என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. அதை அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும். நீங்கள் ஒருவர் சொன்னால் போதாது, இதே பதவியில் இருக்கிற இன்னொருவரும் வந்து சொல்ல வேண்டும்.

அந்தப் பதவியில் ஆறு பேர். அக்கா போக ஐந்து. அதில் மூன்று பேர் தொலைபேசியை எடுக்கவில்லை. சசிதர் எடுத்துவிட்டு, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டான். மிச்சம் நான்.

அக்கா பஸ் ஏறி அவிநாசிக்கே வந்தார். கோயில் பக்கம் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். கையில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். விமானத்துக்குள் நுழைவது முதல் வெளியே வருவது வரை என்னென்ன செய்கிறோம் என்று வரிசையாக, ஒன்றுவிடாமல். கழிவறை மட்டும் ஒரு பயணத்தில் நான்கு தடவை வந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கோணும். முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிப்போடுங்க, நான் வருத்தப்பட மாட்டேன். இருவதாம் தேதி வந்து இத நீங்களும் சொல்லோணும்."

"அக்கா, நான் கையெழுத்துப் போட்டுட்டனுங்களே."

"போட்டவங்க சொன்னா இன்னும் பலமுன்னு வக்கீலம்மா சொல்றாங்க. உங்களுக்கு இதுல ஒரு பிரயோசனமும் இல்ல, அதயும் சொல்லிப்போடறேன். அந்த ஒப்பந்தமும் போயிரலாம்."

ஒப்பந்தம் போவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு இருந்தது. அதை அக்காவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்த மூன்று பக்கத்தை நான் ஓர் அரசு அலுவலகத்தில் வாய்விட்டுச் சொன்னால் அது கோபிசெட்டிபாளையத்துக்குப் போய்ச் சேர எத்தனை நேரமாகும்? மாமனார் முன்னால் எப்படி நிற்பது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அக்கா தேநீரைக் குடித்து முடித்தார். வற்புறுத்தவில்லை. தாள்களின் நகல் ஒன்றை மட்டும் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.

அந்த நகலை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். வீட்டில் பெண்கள் திறக்காத அலமாரி என்று ஒன்று இருக்கிறதா? மறுநாள் காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே லோகப்பிரியா கேட்டாள்.

"ஏனுங்க, மெஹராஜக்காவுக்குச் சாட்சி சொல்லப் போறீங்களா, இல்லீங்களா?"

"அதுல என்னென்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"படிச்சனுங்க."

"நானும் அதெல்லாந்தான் பண்றேன். உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா..."

அவள் என் வேலைச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "அஞ்சு வருசமா இத யாருங்க தொவைக்கறது? மேனேஜர் சட்டைல வாந்தி வாடை எப்படிங்க வரும்? கல்யாணமான மொத மாசமே எனக்குத் தெரியுமுங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவமானமா, நிம்மதியா என்று பிரிக்கத் தெரியாமல் கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பாகிட்ட நான் பேசிக்கறனுங்க. நீங்க போய்ச் சொல்ல வேண்டியதச் சொல்லுங்க," என்று வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மார்ச் 20. காலை பதினொரு மணி, தொழிலாளர் துறை அலுவலகம். அதிகாரி ஒரு நடுவயது அம்மா. கம்பெனி சார்பில் ஒரு வக்கீலும் கோட்டுக்காரர் ஒருவரும். அமீர் ஹம்சா கடையைப் பூட்டிவிட்டு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலில் அக்கா பேசினார். தாளைப் பார்க்கவே இல்லை. உள்ளே நுழைவது முதல் வெளியே வருவது வரை வரிசை பிசகாமல் சொன்னார். கழிவறை வந்தபோதும் குரல் தாழவில்லை. பின்னால் கணவர் இருக்கிறார் என்றும் தயங்கவில்லை.

அதிகாரி கேட்டார். "நீங்க யாருக்காவது லீவு கொடுக்க முடியுமா?"

"எனக்கே கெடைக்காதுங்க."

"வேலைக்கு ஆள் எடுக்கறது, நீக்கறது?"

"இல்லீங்க. டிராலில தண்ணி பாட்டில் தீந்துபோனா, இன்னும் ரெண்டு வையுங்கன்னு சொல்லலாம். அதுக்கும் கீழ ஏர்போர்ட் ஆபீஸ்ல இருக்கறவங்க கையெழுத்து வேணும்."

அடுத்து நான். முதல் வரியைத் தேடித்தான் சொன்னேன். அதன்பின் நானே ஆச்சரியப்படும்படி எல்லாம் கோவையாக வந்தது. போன மழைக்காலத்தில் விமானம் குலுங்கியபோது ஒரே சமயத்தில் பதினான்கு பேர் வாந்தி எடுத்தார்கள், நானும் அக்காவும் முழங்காலில் உட்கார்ந்து தரைவிரிப்பைத் துடைத்தோம். அதையும் சொன்னேன்.

கம்பெனி வக்கீல் ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். பையிலிருந்து என் கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். லீவுக்காக அலுவலகத்தில் நானே கொடுத்ததுதான்.

"இது உங்க பத்திரிகைதானே? இதுல விமான சேவை மேலாளர்னு நீங்களே போட்டிருக்கீங்க. இன்னிக்குத் தொழிலாளிங்கறீங்க. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?"

சபுரா வக்கீல் எழப் பார்த்தார். அக்கா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது எனக்கே தெரியாது.

"அன்னிக்குத்தானுங்க பொய்," என்றேன். "பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயந்து நான் சொன்னனுங்க. கம்பெனி எதுக்குப் பயந்து சொல்லுதுன்னு எனக்குத் தெரியலீங்க."

அதிகாரி அம்மா தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நான்கு நாளில் உத்தரவு வந்தது. மனுதாரர் செய்தது தொழிலாளியின் வேலையாகவே தெரிகிறது, மனு செல்லும், விசாரணை முடியும் வரை அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பறக்கும் பட்டியலில் மீண்டும் சேர்க்க வேண்டும். அதே நாள் மாலை எனக்கும் ஒரு மெயில் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து இரண்டே வரி. என்னோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டார்களாம். மாமனார் என்னிடம் பத்து நாள் பேசவில்லை. இன்னமும் சரியாகப் பேசுவதில்லை. பேசும்போது பேசட்டும்.

மெயிலைக் காட்டலாம் என்று மறுநாள் கோட்டைமேட்டுக்குப் போனேன். அக்கா ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன். அவர் படித்துவிட்டு போனைத் திருப்பித் தந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அதைப் பேசி நேரம் போக்கவில்லை.

"தம்பி, நீங்க எழுதிக் குடுத்த ராஜினாமா முப்பத்தொண்ணாந் தேதிதான் அமலுக்கு வருது. அதுக்குள்ள, நான் விருப்பப்பட்டு எழுதலன்னு அதத் திரும்ப வாங்கலாமுங்களாம். வக்கீலம்மா மனு தயார் பண்ணி வெச்சிருக்காங்க. என்னோட மனு மொதல்ல, உங்களுது ரெண்டாவது."

"உங்களுக்குத்தான் உத்தரவு வந்துருச்சுங்களே. நாளைக்கு ஷார்ஜா பிளைட்டும் போட்டுட்டாங்க. இதுக்கும் நீங்களே அலையறீங்களா?"

"நான் ஒருத்தி மட்டும் இருந்தா இன்னொரு காரணம் கண்டுபுடிச்சு ஆறு மாசத்துல அனுப்பிப்போடுவாங்க. இருவத்தாறு பேரு இருந்தா முடியாது." கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். "மூணாவது ஆள நீங்கதான் கூட்டிட்டு வரோணும். நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறாங்க. இன்னும் ஆறு நாள்தான் இருக்கு."

அங்கேயே வாசலில் நின்று சசிதருக்குப் போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தான். வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்வதற்குள் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"அதெல்லாம் உங்களுக்குச் சரிங்ணா. எனக்கு வையாசில கல்யாணம். பொண்ணு ஊட்ல மேனேஜர்னு சொல்லியிருக்கறனுங்க," என்றான்.

"சசி, கடைசியா நீ எப்ப டாய்லெட் தொடச்ச?"



"செவ்வாக்கெழமைங்ணா. ஷார்ஜாலருந்து திரும்பி வர்றப்ப."

"அத ஒரு தாள்ல எழுதிக்கிட்டு வா."